முப்பத்தாறு தூண்கள்

என் தங்கையின் கணவரை எங்கள் பகுதியில் களஞ்சியம் என்றுதான் சொல்வார்கள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுப்பவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சைக்கிள் கடையின் மேல்மாடியில் அவருடைய பயிற்சி நிலையம் இருக்கிறது. எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இந்தம்மா ஏன் அந்த ஆளை இப்படிக் கரித்துக்கொட்டுகிறது' என்று பின்னால் யாரும் கேட்க வேண்டியிருக்காது.

சம்பந்தம் பேச எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று, தண்ணீர் கொண்டுபோய் வைத்த என்னிடம், "ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தனை எலும்பு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஏழு. நமக்கும் ஏழுதான்" என்று சொல்லிவிட்டு, நான் கைதட்டுவேன் என்று எதிர்பார்த்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற என் தங்கை சிரித்துவிட்டாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்கே அந்த ஏழு எலும்பையும் சேர்த்துப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். நான் போய்க் காபி போட்டேன்.

இருபத்தொரு வயதில் பரீட்சை எழுத ஆரம்பித்தவர், முப்பத்தைந்தில் வயது வரம்பு தாண்டும்வரை விடாமல் எழுதினார். பதினான்கு வருடம். அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை கொடுத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு சரியானதைத் தொடுவார். அந்த நான்கும் இல்லாவிட்டால் ஆள் காலி. ஒரே ஒரு முறை நேர்முகத் தேர்வுவரைக்கும் போனார். "உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஆண்டுச் சராசரி மழை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லியிருக்கிறார். அது சரி, தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று மறுபடி கேட்டதற்கு, அதிக மழை பெய்த வருடம் எது என்று சொல்லியிருக்கிறார். போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதை அவரே எங்களிடம் விலாவாரியாகச் சொல்வார், அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்பதற்கு ஆதாரமாக.

எங்கள் அம்மா இறந்த அன்று வாசலில் நின்று, துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெண்களின் சராசரி ஆயுள் எவ்வளவு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா அதைத் தாண்டி இரண்டு வருடம் கூடுதலாக இருந்துவிட்டார்களாம். என்னிடம் வந்து அதை ஆறுதலாகவே சொன்னார். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் மேசையில் இருபது வருடமாக இருக்கிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஆறுதல் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தனக்கு வேலை கிடைக்காது என்று முடிவானதும், மற்றவர்களுக்கு வேலை வாங்கித்தருவது எப்படி என்று சொல்லித்தரக் கிளம்பிவிட்டார். மாடியில் ஒரு கூடம், பதினெட்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையில்தான் என் தங்கை இருந்தாள். மாதாமாதம் நானூறு கேள்விகளோடு ஒரு புத்தகம் வரும். அட்டையில் களஞ்சியம் கையைக் கட்டிக்கொண்டு, எதையோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி நிற்பார். தொகுப்பாசிரியர் என்று அவர் பெயருக்கு மேலே போட்டிருக்கும். செய்தித்தாள் வெட்டுவது, கேள்வி எழுதுவது, நூலகத்துக்குப் போய்ச் சரிபார்ப்பது, கணினியில் அடிப்பது, பிழை திருத்துவது, அச்சகத்துக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் என் தங்கை. அவர் செய்தது கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான். அந்தப் புகைப்படத்தைக்கூட அவள்தான் எடுத்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் தெரிந்துகொள்ளும் விதம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுத வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பேருந்தில் போனால் தூண் கண்ணுக்குத் தெரியாது என்று கரையில் இறங்கி நடந்தாள். இந்தக் கரையிலிருந்து ஒரு தடவை, அந்தக் கரையிலிருந்து ஒரு தடவை எண்ணினாள். இரண்டு தடவையும் முப்பத்துநான்கு வந்தது. "நெட்ல பாத்தா போதாதாடி?" என்று கேட்டேன். செருப்பெல்லாம் சேறு. "கண்ணு முன்னாடி நிக்கிறதுக்கு நெட் எதுக்குக்கா?" என்றாள். முப்பத்துநான்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தாள்.

களஞ்சியம் அந்தத் தாளை வாங்கினார். சிவப்புப் பேனாவால் முப்பத்துநான்கை அடித்து முப்பத்தாறு என்று எழுதினார். ஓரத்தில் 'கண்ணி' என்று குறித்தார்.

இந்தக் கண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் லட்சணம். எதிர் மாடியில் இன்னொரு பயிற்சி நிலையம் இருக்கிறது. அதை நடத்துகிறவன் இவர் புத்தகத்தை அப்படியே பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று இவருக்குச் சந்தேகம். அதனால் மாதம் ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான விடை போடுவார். அதே தப்பு அவன் புத்தகத்திலும் வந்தால் ஆள் மாட்டினான். பாலத்துக் கேள்வியில் அவன் மாட்டினான். களஞ்சியம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் மாடிக்கு ஏறி, "முப்பத்தாறுன்னு எங்கேர்ந்துய்யா எடுத்த?" என்று கேட்டார். அவன் கண்ணைச் சிமிட்டாமல், "நேர்ல போய் எண்ணினோம் சார்" என்றானாம். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

"உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்களும் தப்பாத்தானே மாப்ளே படிப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"இதெல்லாம் பரீட்சைக்கு வராதுக்கா. மலை உயரத்துல நான் கைவைக்க மாட்டேன், உலகமே பாத்துக்கிட்டிருக்கும். நம்ம ஆத்துப் பாலத்தை எவன் போய் எண்ணப் போறான்?"

எண்ணியவள் உள்ளறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். அவர் நினைவுக்கு அது வரவே இல்லை.

இரண்டு வருடத்தில் அந்த முப்பத்தாறு எதிர் மாடியிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய், அங்கிருந்து இன்னும் நான்கைந்து கெட்டி அட்டைப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஒருத்தனும் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. பொது அறிவு என்று இவர்கள் சொல்வது இதைத்தான். ஒருவன் புத்தகத்தை இன்னொருவன் பார்த்து எழுதுவான், அதை மூன்றாமவன் பார்த்து எழுதுவான். ஆறு புத்தகத்தில் வந்துவிட்டால் பாலமே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது.

என் தங்கை தானும் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னபோது அவளுக்கு முப்பத்தொன்று. பிள்ளை குட்டி இல்லை. "எழுதேன், நானே சொல்லித்தரேன்" என்றார் களஞ்சியம், பெரிய மனது பண்ணி. நான்கு வருடம் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தாள். ஏழு மார்க்கில் போயிற்று, பிறகு ஐந்தில், பிறகு மூன்றில். வீட்டு வேலை, மாதப் புத்தகம், வகுப்புக்கு வினாத்தாள் என்று எல்லாம் போக மிச்ச நேரத்தில் படித்து ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்தால் அவள் மூளையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் அவளுக்கு முப்பத்தைந்து. அதுதான் கடைசி வாய்ப்பு. நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. "ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல என் பேரு. அது போதும்க்கா" என்று என்னிடம் சொன்னாள். நாலு வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவளைக் கூட்டிப்போக நான் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றேன். முகம் தெளிவாக இருந்தது. "நல்லா எழுதிருக்கேன்க்கா. நம்ம பாலம்கூட வந்துச்சு" என்றாள். அறுபத்திரண்டாவது கேள்வி. முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று நான்கு விடை. இது எங்கேயிருந்து வந்த கேள்வி என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அரை நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு யோசித்திருக்கிறாள். தேர்வாணையம் என்பது எதிர் மாடிக்காரன் இல்லையே, பாலம் கட்டியவர்களிடம் கேட்டிருப்பார்களே என்று முப்பத்துநான்கின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். அரசாங்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

பத்து நாளில் தேர்வாணையம் தற்காலிக விடைப் பட்டியல் போட்டது. அறுபத்திரண்டுக்கு விடை முப்பத்தாறு.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். தங்கை வினாத்தாளை விரித்துவைத்து மார்க்கைக் கூட்டினாள். இருநூறுக்கு நூற்று அறுபத்துமூன்று. போன வருடக் கணக்கைப் பார்த்தால் விளிம்பில் நிற்கிற மார்க். களஞ்சியம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து எட்டிப்பார்த்தார்.

"முப்பத்தி நாலா போட்ட?"

"ஆமா. முப்பத்தி நாலுதானே?"

"நம்ம புக்குல முப்பத்தாறுன்னு இருக்குல்ல?"

"நீங்கதானே மாத்துனீங்க. கண்ணின்னு எழுதுனது நீங்கதானே."

"அதெல்லாம் சரி. கேள்வி நம்ம புக்குலேர்ந்துதான் வந்திருக்குன்னு பாத்ததுமே தெரியுதுல்ல? அப்ப நம்ம புக்குல உள்ளதைப் போட வேண்டியதுதானே? நாலு வருஷமா என்கிட்ட என்னதான் படிச்ச?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாப்ளே, பாலத்துல எத்தனை தூண் இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அக்கா, பாலத்துல எத்தனைங்கறது வேற. விடை எத்தனைங்கறது வேற."

இதற்குள் பயிற்சி நிலையத்தின் மாடிப்படியில் பேனர் ஏறிவிட்டது. 'நம் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி 58 கேள்விகள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டு, உதாரணத்துக்கு ஒரு கேள்வியைப் பெரிதாக அச்சடித்திருந்தார். ஐம்பத்தெட்டில் அவருக்குக் கிடைத்தது அந்தப் பாலம்தான். முப்பத்தாறு என்ற எண் என் உயரத்துக்கு இருந்தது. பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விடை தவறென்றால் ஏழு நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம் என்று அறிவிப்பில் இருந்தது. ஆனால் ஆதாரம் இணைக்க வேண்டும், அச்சில் வந்த ஆதாரம். அச்சில் உள்ளதெல்லாம் முப்பத்தாறு. என் தங்கை நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். பாலத்தின் பழைய கோப்பு கிடங்கில் இருக்கிறது, தேடி எடுக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நேரில் வந்து எண்ணிப் பாருங்கள் என்று தேர்வாணையத்துக்கு எழுதினால் யார் வரப்போகிறார்கள்? ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தக் கேள்வியை முதலில் அச்சிட்டவர், 'இது என் புத்தகத்தில் நான் தவறாகப் போட்டது, சரியான விடை முப்பத்துநான்கு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கூடவே அந்தச் சிவப்புப் பேனாத் தாளையும் வைக்க வேண்டும். என் தங்கை அதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தாள். அவள் எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை.

களஞ்சியத்தைச் சம்மதிக்கவைக்க ஐந்து நாள் ஆயிற்று.

"என் பேரு என்ன ஆகும்?" என்றார் முதல் நாள். "நம்ம பசங்க நாப்பது பேர் முப்பத்தாறு போட்டிருக்காங்க. அவங்க வயித்துல அடிக்கச் சொல்றியா?" என்றார் இரண்டாம் நாள். நாற்பது பேர் வயிற்றைப் பற்றி அதுவரை அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். நான்காம் நாள் என் தங்கை சமைக்கவில்லை. ஐந்தாம் நாள் நான் போய் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"திருத்தும்போது பிழையாப் போச்சுன்னு எழுதுங்க மாப்ளே. ஓரத்துல இருக்கற கண்ணிக்கு அர்த்தம் அவங்களுக்குத் தெரியாது, நீங்க சொல்ல வேண்டாம். பிழைன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் போயிடாது. உங்க பொண்டாட்டிக்கு வாழ்க்கை."

எழுதினார். நான்கு வரி. எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லியிருந்தால் நான்கு நொடியில் முடித்திருப்பார். கையெழுத்துப் போட்டதும் நான் கையை நீட்டினேன். "குடுங்க, நாளைக்குக் காலைல நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வேலைக்குப் போறேன்."

"இல்லக்கா. எழுதுனவரே நேர்ல போனாத்தான் மதிப்பு. அங்க எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. நானே போறேன்."

கடிதத்தையும் சிவப்புப் பேனாத் தாளையும் ஒரு உறையில் போட்டு என் தங்கைதான் அவர் பையில் வைத்தாள். மறுநாள் காலையில் அவர் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டாள். நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, லீவு கிடைக்காது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போய்ச் சீட்டு எழுதினேன். அந்த ஒரு நாள் லீவை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மதியம் திரும்பி வந்தவர், "குடுத்தாச்சு" என்றார். "வாங்கி முத்திரை போட்டு வச்சுக்கிட்டாங்க. இனி அவங்க பாடு." என் தங்கை அவருக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாராம்.

முடிவு வந்தது. கடைசியாகத் தேர்வானவரின் மார்க் நூற்று அறுபத்துநான்கு. என் தங்கை நூற்று அறுபத்துமூன்று. சம மார்க் வந்தால் வயதில் மூத்தவருக்குத்தான் முதல் இடம், அதுதான் விதி. அந்த ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் முப்பத்தைந்து வயதுக்காரியை யாரும் தாண்டியிருக்க முடியாது. "ஆட்சேபணையை ஏத்துக்கல போல" என்றார் களஞ்சியம். "அரசாங்கம்னா அப்படித்தான். யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க." அவள் தலையை ஆட்டினாள். அழுதாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் அந்த மாதப் புத்தகத்துக்குக் கேள்வி எழுத உட்கார்ந்தாள். உட்கார்ந்துதானே ஆக வேண்டும், வேறு மேசை ஏது?

ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு எனக்குப் போன் வந்தது. "அக்கா, வேலை முடிஞ்சதும் சென்டருக்கு வா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. பாதியில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாடியில் வகுப்பு முடிந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. கூடத்தில் களஞ்சியம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் என் தங்கை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு தாளை நீட்டினாள்.

தேர்வாணையத்தின் இறுதி விடைப் பட்டியல் அது. எந்தெந்தக் கேள்விக்கு எத்தனை ஆட்சேபணை வந்தது, என்ன முடிவு எடுத்தார்கள் என்று கட்டம் போட்டு வெளியிட்டிருந்தார்கள். மாதப் புத்தகத்தில் போடுவதற்காகக் களஞ்சியமே இறக்கிக் கொண்டுவந்தது. விடை மாறிய மூன்று கேள்விகளுக்கு அடியில் கோடு போட்டு, 'இதை அடி' என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற வரிகளை அவர் படிக்கவில்லை. பரீட்சைக்கு வராத எதையும் அவர் படிப்பதில்லை.

கேள்வி 61: ஆட்சேபணைகள் மூன்று, நிராகரிக்கப்பட்டன. கேள்வி 62: ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

நான் இரண்டு தடவை படித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"மாப்ளே, அன்னிக்கு லெட்டரைக் குடுத்தீங்களா?"

"எந்த லெட்டர்?" என்றார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பொய் சொல்ல அவர் வாய் திறந்தது. அதற்கு நான்கு விடை கையில் இல்லாததாலோ என்னவோ, மூடிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போனேன்க்கா. சத்தியமா போனேன். ஆபீஸ் கேட்டு வரைக்கும் போயிட்டேன். அங்க வேற கேள்விக்கு ஆட்சேபணை குடுக்க நம்ம பசங்க நாலஞ்சு பேர் நின்னாங்க. 'சார், உங்க பாலத்தால எங்களுக்கு ஒரு மார்க் சார்'னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் கால்லயே விழுந்துட்டான். அதுக்கப்புறம் எப்படிக்கா நான் உள்ள போவேன்?"

"அப்புறம்?"

"டீ குடிச்சேன். வந்துட்டேன்."

"அந்தத் தாளு?"

"கிழிச்சுட்டேன். எவன் கையிலயாவது கெடச்சா நாளைக்கு அசிங்கம்."

"அது அவளுக்குக் கடைசி சான்ஸ்யா!" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்ற வார்த்தை என் வாயில் அதன்பிறகு வரவில்லை.

"தெரியும்க்கா, தெரியாமலா?" என்று என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கையைக் காட்டினார். "நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவ காலைல ஒம்போது மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பிப் போயிட்டா, மாசாமாசம் இந்தப் புத்தகத்தை யாரு போடுறது? எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. வெளில ஆள் வச்சா இவளை மாதிரி வருமா? நானூறு கேள்வி, ஒரு தப்பு இருக்காதுக்கா."

அவளைப் புகழ்ந்துவிட்டதாக நினைத்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

என் தங்கை உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "என்னங்க" என்றாள் மெதுவாக. "நான் தேறணும்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

"இது என்ன கேள்வி?" என்றார் களஞ்சியம். பிறகு, "வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். எத்தனை பக்கம் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் போய்க் கணினியை அணைத்தாள். தன் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது அந்தப் பேனர் அவள் தோளில் உரசியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலிருந்து, "எங்க போற? ஏய், எங்க போற?" என்று அவர் குரல் கேட்டது. இறங்கி வரவில்லை.

தெருமுனைவரை நடந்தோம். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், திரும்பிப் போய் அந்த ஆளை நாலு அறை விட வேண்டும் போலவும் எனக்கு இருந்தது. ஒரு மூடிய கடைப் பக்கம் நின்றாள்.

"மார்க் போனதுகூட பரவால்லக்கா" என்றாள். "நாலு வருஷமா காலைல அஞ்சு மணிக்கு என்னை எழுப்பிவிட்டதே அவருதான். எழுப்பிவிட்டு, எதிர்ல உக்காந்து கேள்வி கேப்பாரு. நான் சரியா சொல்லச் சொல்ல அவரு முகம் ஒரு மாதிரி ஆகும். தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்க்கா."

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் என்னோடுதான் இருக்கிறாள். களஞ்சியத்தின் மாதப் புத்தகம் அதன்பிறகு வெளிவரவில்லை.